பிள்ளைகளின் ஓவியமும் கைவேலையும்: வடசென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்தில் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளோடு ஓவியமும் கைவேலையும் செய்து வருகிறேன். பள்ளிவாசலில் நின்று பெற்றோர் கேட்பதும், ராத்திரி வாட்ஸ்அப்பில் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வகுப்பாசிரியர்களுக்கும் அதே சந்தேகங்கள் உண்டு. கேட்பவர்களுக்கு அனுப்ப வசதியாக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என் பையனுக்கு வரையவே வரலை மிஸ், என்ன செய்யறது?

இப்படிச் சொல்கிறவர்களிடம் நோட்டை வாங்கிப் பார்த்தால், பையன் தன் வயதுக்குச் சரியாகத்தான் வரைந்திருப்பான். பெரியவர்கள் கண்ணுக்கு அது படமாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

5 வயதுப் பிள்ளை மனிதரை வரைந்தால் ஒரு பெரிய வட்டம் இருக்கும், அதிலிருந்தே நேராக இரண்டு கால் இறங்கும். வயிறு, கழுத்து எதுவும் இருக்காது. உலகத்தில் எந்த ஊர்ப் பிள்ளையும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்குகிறது. 7 வயதுக்கு மேல் தாளின் அடியில் ஒரு கோடு வரும், அது தரை. உச்சியில் ஒரு நீலப் பட்டை வரும், அது வானம். நடுவில் வெறும் வெள்ளை. "வானம் கீழே வரைக்கும் வரும்டா" என்று திருத்த வேண்டாம். அண்ணாந்து பார்த்தால் வானம் மேலேதானே இருக்கிறது? அந்த வயதுக்கு அது சரியான கணக்கு. இந்தப் படிகளைக் கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1940களிலேயே வரிசைப்படுத்தி எழுதிவிட்டார்.

கவனிக்க வேண்டிய வயது 9, 10. நான்காம், ஐந்தாம் வகுப்பு. "நிஜம் மாதிரி இல்லையே" என்ற கவலை அப்போதுதான் வரும். ரப்பர் தேயும், தாள் கிழியும், கடைசியில் "எனக்கு வராது" என்று பென்சிலை வைத்துவிடுவார்கள். நிறையப் பேர் வாழ்நாள் முழுக்க வரையாமல் போவது இந்த இடத்தில்தான். அந்த நேரத்தில் ஒரு செருப்பையோ, சைக்கிள் மணியையோ, வெண்டைக்காயையோ எதிரே வைத்து, பார்த்துப் பார்த்து வரையச் சொல்லுங்கள். ரப்பரைக் கொஞ்ச நாள் எடுத்து வைத்துவிடுங்கள். அப்புறம் பாருங்கள்.

படகை வரையச் சொன்னால் உள்ளே இருக்கும் மீனையும் சேர்த்து வரைகிறாள். தப்பா?

தப்பே இல்லை. எனக்குப் பிடித்த படங்களே அவைதான்.

காசிமேட்டுப் பக்கத்திலிருந்து வரும் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி வரைந்த விசைப்படகு என்னிடம் இருக்கிறது. பக்கவாட்டில் நிற்கும் படகு. அதன் பலகை கண்ணாடி போல இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஐஸ், ஐஸுக்குள் வரிசையாக மீன், ஒவ்வொரு மீனுக்கும் கண். நடுவில் எஞ்சின், அதற்குப் பக்கத்தில் அடுப்பும் குண்டானும். மேலே மூன்று பேர். நடுவில் இருக்கும் அப்பா மற்றவர்களைவிட இரண்டு மடங்கு உயரம். படகின் முன்பக்கம் பதிவு எண் எழுதியிருக்கிறாள், எழுத்துகள் இடம் வலம் மாறியிருக்கின்றன. வலை தாளுக்குள் அடங்கவில்லை. இன்னொரு தாளை ஒட்டி அதில் தொடர்ந்திருக்கிறாள். ஏன் உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிறது என்று கேட்டதற்கு, "உள்ள இருக்குல்ல மிஸ், அதான்" என்றாள்.

பிள்ளை கண்ணில் படுவதை மட்டும் வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. 7லிருந்து 9 வயது வரை இப்படி உள்ளே இருப்பதைக் காட்டி வரைவதும், முக்கியமானவரைப் பெரிதாக வரைவதும் சாதாரணம். அந்தப் படகைப் பார்த்துக் கற்றுக்கொள்ள எனக்குத்தான் நிறைய இருந்தது.

எல்லாரும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னைமரம் என்றே வரைகிறார்களே?

நாம்தான் சொல்லிக் கொடுத்தோம். "இயற்கைக் காட்சி வரை" என்று சொல்லிக் கரும்பலகையில் அதைப் போட்டுக் காட்டியதும் நம் ஆட்கள்தான். வடசென்னையில் எந்தத் தெருவில் நின்றாலும் மலை தெரியாது. இங்கே சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காசிமேட்டில் காலையில் மீன் ஏலம் நடக்கும்போது அதைப் பார்க்காத பிள்ளை குறைவு.

அதனால் நான் "இயற்கைக் காட்சி" என்ற தலைப்பே கொடுப்பதில்லை. "வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழி" என்பேன். "ராத்திரி மாடியிலிருந்து தெரிவது" என்பேன். "15 ஏப்ரலுக்கு அப்புறம் உங்க அப்பா என்ன செய்வார்?" என்றும் கேட்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வலை பின்னுவது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது, கேரம் ஆடுவது எல்லாம் படத்தில் வரும்.

வந்த படங்களைச் சொல்கிறேன். எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையத்தின் சிவப்பு வெள்ளைப் புகைபோக்கி, பட்டைகளின் வரிசைகூடப் பிசகாமல். மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ராத்திரி எரியும் தீக்கொழுந்து. வியாசர்பாடியில் பந்து விளையாடும் அண்ணன்மார். மெட்ரோவின் எஸ்கலேட்டரில் புடவையைத் தூக்கிப் பிடித்து நிற்கும் பாட்டி. தண்ணீர் லாரிக்கு முன்னால் வரிசையாகக் குடங்கள், ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு நிறம். "இதெல்லாம் படமா? அழகா ஏதாவது வரையக் கூடாதா?" என்று கேட்ட பெற்றோர் உண்டு. இதுதான் அழகு என்பது என் உறுதியான எண்ணம். தன் தெருவைப் பார்த்து வரைகிற பிள்ளைக்கு ஒவ்வொரு கோடும் தானே யோசித்துப் போட்டது. மலைக்கும் குடிசைக்கும் யோசிக்கவே வேண்டாம், கை தானாகப் போட்டுவிடும்.

பிராஜெக்ட்டை நாங்களே செய்து கொடுத்துவிடலாமா? கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறதே?

வேண்டாம். காரணம் சொல்கிறேன். மேஜை மேல் வரிசையாக வைத்தால் எது அப்பா செய்தது, எது கடையில் வாங்கியது, எது பிள்ளை செய்தது என்று பிள்ளைகளுக்கே தெரியும். கடையில் வாங்கியதைக் கொண்டுவந்த பிள்ளை அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஓரமாக நிற்கும். கோணல்மாணலாகத் தானே ஒட்டிய பிள்ளை, வருகிறவர் போகிறவரை எல்லாம் இழுத்து நிறுத்திக் காட்டும்.

உதவி செய்யலாம். கத்தி, பிளேடு, அடுப்பு வருகிற இடத்தில் கட்டாயம் செய்ய வேண்டும். எங்கே வெட்ட வேண்டும் என்று பிள்ளை கோடு போடட்டும், நீங்கள் வெட்டிக் கொடுங்கள். ஒட்டுவதும் நிறம் தீட்டுவதும் முழுக்க அவர்கள் வேலை.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். "நாளைக்கு மாடல் செய்து கொண்டு வா" என்று சாயங்காலம் மூன்றரை மணிக்குச் சொன்னால், வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வரும் அம்மா கடைக்குத்தான் ஓடுவார். ஒரு வாரம் டைம் கொடுங்கள். முடிந்தால் வகுப்பிலேயே செய்ய விடுங்கள்.

காசு செலவில்லாமல் என்ன செய்யலாம்?

இந்தப் பக்கத்தில் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டைச் சுற்றி எந்தத் தையல்காரரிடம் கேட்டாலும் வெட்டுத்துணி ஒரு பை கொடுப்பார். மளிகைக்கடையில் அட்டைப்பெட்டி, டீக்கடையில் பால் கவர், வீட்டில் காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகை. பத்திரிகை அட்டை கெட்டியாகவும் பளபளப்பாகவும் இருக்கும், முகமூடிக்கும் பொம்மைக்கும் அதைவிட நல்ல அட்டை கிடைக்காது. தாள் மொத்தமாக வாங்க வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போங்கள். வகுப்பு முழுக்கச் சேர்ந்து வாங்கினால் சில்லறைக் கடையைவிட நன்றாகவே குறையும்.

எங்கள் பிள்ளைகள் விரும்பிச் செய்வது கன்டெய்னர் லாரி. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போக வரிசை கட்டி நிற்கும் லாரிகளைத் தினமும் பார்க்கிறார்கள், சக்கரத்தை எண்ணுவதே அவர்களுக்கு விளையாட்டு. பேஸ்ட் டப்பா கன்டெய்னர் ஆகிவிடும். தீப்பெட்டி டிரைவர் கேபின். சக்கரத்துக்குப் பாட்டில் மூடி. பெரும்பாலோர் மூடியை நேராக டப்பாவில் ஒட்டிவிடுவார்கள், லாரி ஓடாது. ஒரு ஈர்க்குச்சியை எடுத்து அதன்மேல் தாளைத் தளர்வாகச் சுருட்டி ஓரத்தை ஒட்டுங்கள். குழாய் கிடைக்கும். குழாயை டப்பாவின் அடியில் ஒட்டி, குச்சியை உள்ளே விட்டு, இரண்டு முனையிலும் மூடியைச் செருக வேண்டும். மூடியின் நடுவில் ஓட்டை மட்டும் பெரியவர்கள் போட்டுக் கொடுங்கள். இப்போது குச்சி சுற்றும், குழாய் நிற்கும், லாரி ஓடும். அச்சு என்றால் என்ன என்று அதற்கப்புறம் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஃபெவிகால் வாங்கி மாளவில்லை. வேறு பசை உண்டா?

மைதா பசை போதும். ஒரு பங்கு மைதாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நாலு பங்கு கொதிக்கும் தண்ணீரில் ஊற்றிக் கிண்டினால் கூழ் பதத்துக்கு வரும். ஆறியதும் ஒட்டலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. போஸ்டர் ஒட்டுகிறவர்களும் பைண்டிங் செய்கிறவர்களும் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பது வழக்கம். பிள்ளைகளுக்கான பசையில் அதை ஒருபோதும் சேர்க்காதீர்கள், அது விஷம். கையை வாயில் வைக்கும் வயது இது. அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே காய்ச்சி, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

தெர்மாகோல் பயன்படுத்தலாமா?

நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டு, கப் போன்ற ஒருமுறை தூக்கியெறியும் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. பிராஜெக்ட்டுக்கென்று விற்கும் ஷீட் மட்டும் கடையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வெட்டினால் உருண்டை உருண்டையாகப் பறந்து சாக்கடைக்குப் போகும், அங்கிருந்து கால்வாய், கடல். உடைந்த மீன் பெட்டித் துண்டுகள் கரை ஒதுங்குவதைப் பார்த்து வளரும் பிள்ளைகளிடம் அதையே கொடுத்து "கடலைக் காப்போம்" என்று மாடல் செய்யச் சொல்வது சரியில்லை. அட்டைப்பெட்டியே போதும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், ஸ்பிரே பெயின்ட்டோ தின்னர் கலந்த பசையோ அதில் படக் கூடாது. கரைந்து ஓட்டையாகிவிடும்.

களிமண் எங்கே கிடைக்கும்? காய்ந்ததும் ஏன் வெடிக்கிறது?

புரசைவாக்கம், ஓட்டேரி பக்கம் கொசப்பேட்டையில் கேளுங்கள். பிள்ளையாரும் கொலு பொம்மையும் செய்கிற குடும்பங்கள் தலைமுறையாக இருக்கும் இடம். பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னால் போனால் வேலை நடப்பதையே பிள்ளைகளுக்குக் காட்டலாம். நாலு பேரை அழைத்துப் போய் ஓரமாக நின்று பார்த்தாலே போதும், ஒரு மாதத்துக்குப் பேசுவார்கள்.

வெடிப்பதற்குக் காரணம் வெயில். வெளிப்பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் இருக்கும், இழுபறியில் பிளந்துவிடும். நிழலில், ஈரத்துணி போர்த்தி மெதுவாகக் காய விடுங்கள். யானையின் தும்பிக்கை உதிர்ந்து விழுவது வேறு பிரச்சினை. இரண்டு துண்டை வெறுமனே அழுத்தினால் ஒட்டாது. ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் குச்சியால் கீறி, களிமண்ணைத் தண்ணீரில் குழைத்த சேற்றைத் தடவி அழுத்த வேண்டும். பெரிய பொம்மை என்றால் அடியில் குடைந்து உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள்.

கடற்கரையில் பொறுக்கியதை ஒட்டலாமா?

உடைந்த சிப்பி, நுரைக்கல், அறுந்த வலைத்துண்டு தாராளமாக. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவையுங்கள், இல்லாவிட்டால் வகுப்பு முழுக்க நாறும். கடல்குதிரை, பவளம், சிலவகைச் சங்குகள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறவை. அவை வலையில் வந்ததாக யாராவது கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், பழைய பெயின்ட்டில் நிறையவே இருந்தது. 2016இல் மத்திய அரசு விதி கொண்டுவந்து, வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்றது. 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பெயர் தெரியாத டப்பாவையும், பரண் மேல் கிடக்கும் பழைய எனாமலையும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். படகுக்கு அடித்து மிச்சமான பெயின்ட்டும் வேண்டாம். பள்ளிக்கென்று விற்கும் வாட்டர் கலர், போஸ்டர் கலர், கிரேயான் போதும்.

கிரேயானை வைத்து வெறுமனே நிறம் தீட்டுவதைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

வெள்ளைக் கிரேயானால் வெள்ளைத்தாளில் அழுத்தி மீன், அலை, நண்டு எல்லாம் வரையச் சொல்லுங்கள். ஒன்றும் தெரியாது. அதன்மேல் நீல வாட்டர் கலரை நிறையத் தண்ணீர் கலந்து பூசினால், மெழுகு இருக்கும் இடத்தில் நிறம் ஒட்டாமல் படம் எழுந்து வரும். ஒன்றாம் வகுப்பு கூச்சல் போடும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஈரம் காய்வதற்குள் கல்லுப்பு நாலு தூவினால் நட்சத்திரம் போலத் திட்டுகள் வரும்.

அச்சு போட வெண்டைக்காயும், குறுக்கே வெட்டிய வாழைமட்டையும் அருமை. வாழைமட்டை கட்டம் கட்டமாக விழும். பிள்ளைகள் அதைப் பார்த்ததும் ஹவுசிங் போர்டு என்றார்கள், அப்புறம் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஆளை வரைந்து உட்கார வைத்தார்கள்.

கோலத்தை ஓவியத்தில் சேர்க்கலாமா?

கட்டாயம். 1970களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி முதலானோர் கோலத்தின் ஒழுங்கைக் கணினி அறிவியலின் இலக்கணக் கோட்பாடுகளோடு, அதாவது ஒரு வடிவம் எந்த விதிப்படி உருவாகிறது என்று சொல்லும் கோட்பாடுகளோடு, இணைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். உங்கள் பாட்டி வாசலில் போடுவதுதான் அது. ஒரு பாட்டியை வகுப்புக்கு அழைத்து வந்து மூன்று புள்ளிச் சிக்குக் கோலம் போடச் சொல்லுங்கள். புள்ளி வைக்கவும், கோடு எங்கே திரும்புகிறது என்று பார்க்கவும் பையன்களையும் உட்கார வையுங்கள். சாக்பீஸ் போதும். வாய்க்கும் கண்ணுக்கும் போகக்கூடிய சாயப்பொடியைச் சின்ன வகுப்பில் தவிர்க்கலாம்.

பிள்ளை எல்லாவற்றையும் கறுப்பிலேயே வரைகிறது. மனசில் ஏதாவது இருக்குமோ?

நிறத்தை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். வெள்ளைத்தாளில் கறுப்பு நன்றாகத் தெரியும், அதனால் பிடிக்கும். சில சமயம் டப்பாவில் முழுசாக இருப்பது அந்த ஒரு கிரேயான்தான்.

கண்ணால் பார்த்ததே கறுப்பாகவும் இருந்திருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியபோது, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஆற்றைக் கறுப்பாகத்தான் வரைந்தார்கள். கொக்கின் காலும் கறுப்பு, அப்பாவின் கையும் கறுப்பு. அந்தப் படத்தை வாங்கி "ஆறு நீலமா இருக்கணும்" என்று எந்த ஆசிரியரும் திருத்தக் கூடாது.

"என்ன இது?" என்று கேட்டால் பிள்ளைக்குச் சுருக்கென்று இருக்கும். "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேளுங்கள். படத்தோடு சேர்ந்து தூக்கம், சாப்பாடு, பேச்சு எல்லாம் மாறியிருந்தாலோ, யாரோ தன்னை அடிப்பதாக, தொடுவதாகப் பிள்ளை சொன்னாலோ, தோண்டித் துருவாமல் பொறுமையாகக் கேட்டுவிட்டு 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

பள்ளிச் சுவரில் பிள்ளைகளே வரையலாமா?

வரையலாம், ஆனால் சுவர் தயாராக இருக்க வேண்டும். கடல் பக்கத்துச் சுவர் உப்பு பூத்துக் கிடக்கும். அதன்மேல் அடித்தால் அடுத்த வருஷமே தோல் உரியும். நன்றாகச் சுரண்டி, பிரைமர் அடித்து, அப்புறம் வெளிச்சுவருக்கான எமல்ஷன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, பொங்கலுக்கு அப்புறம் தொடங்குவது நல்லது. பிள்ளைகளின் கை எட்டும் உயரம் வரை அவர்களுக்கு, மேலே உள்ளதைப் பெரியவர்கள் பூசலாம். அவர்கள் வரைந்ததை ஆர்ட்டிஸ்ட்டை வைத்துச் சரிசெய்யாதீர்கள். ஆறு விரல் என்றால் ஆறு விரலாகவே இருக்கட்டும்.

போட்டிக்கு அனுப்பலாமா?

விருப்பமிருந்தால் அனுப்புங்கள். பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழா 2022இல் 6 முதல் 12ஆம் வகுப்பு வரைக்கும் என்று தொடங்கி, பிறகு தொடக்க வகுப்புகளுக்கும் வந்தது. நல்ல வாய்ப்பு. ஆனால் பரிசுக்காக ஒரே படத்தை மாதக்கணக்கில் மனப்பாடம் செய்ய வைக்கும் பயிற்சி வகுப்பு வேண்டாம். ஒன்று, இரண்டாம் வகுப்பில் ஓவியத்துக்கு மார்க் போடுவதையே நான் ஒத்துக்கொள்வதில்லை.

நல்ல படங்களைப் பார்க்க எங்கே அழைத்துப் போவது?

எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டி அலுக்க வைக்காதீர்கள். வெண்கலச் சிலைகள் பகுதிக்குப் போய், பிடித்த ஒரு சிலைக்கு எதிரே உட்கார்ந்து வரையட்டும். நடராஜரின் கை எத்தனை என்று எண்ணி வரைவதற்குள் அரை மணி நேரம் போய்விடும்.

வீட்டில் இடமில்லை. எல்லாப் படத்தையும் எப்படி வைத்துக்கொள்வது?

எல்லாம் வேண்டாம். வருஷக் கடைசியில் பிள்ளையோடு உட்கார்ந்து பத்துப் பதினைந்து படத்தை எடுங்கள். எதை வைப்பது என்று பிள்ளை சொல்லட்டும், நீங்கள் ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றதை மொபைலில் படம் எடுத்துக்கொண்டால் போதும். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலால் பெயர், தேதி, அந்தப் படத்தைப் பற்றிப் பிள்ளை சொன்ன ஒரு வரி எழுதுங்கள். சுருட்டாமல், பெரிய காலண்டர் அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்துக் கட்டுங்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை மாதிரி மழைக்குத் தண்ணீர் ஏறும் தெருவில் இருந்தால் கட்டிலுக்கு அடியில் வேண்டாம். ரேஷன் கார்டும் சர்டிஃபிகேட்டும் வைக்கும் பையிலேயே இதையும் போட்டு வையுங்கள்.